உறை மோரும் சாயத் தண்ணீரும்

ராத்திரி பாலைக் காய்ச்சி ஆற வைக்கிறோம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி மோரை ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்தால் தயிர். நாம் தினமும் செய்கிற வேலைதான் இது. யாரும் இதை அறிவியல் என்று சொல்வதில்லை.

அந்த ஒரு கரண்டி மோரில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய ஆயிரம் உயிர்களை வரிசையாக நிறுத்தலாம். இவற்றை நுண்ணுயிர்கள் என்கிறோம். பாலில் உள்ள சர்க்கரையை இவை தின்கின்றன. தின்றபின் புளிப்பை வெளியே விடுகின்றன. அந்தப் புளிப்பில் பால் உறைகிறது.

மோர் ஊற்றும்போது நமக்கு மூன்று விஷயம் தெரியும். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் உறையாது. மார்கழிக் குளிரில் உறைய நேரமாகும். இருக்கிற தயிரையெல்லாம் தின்றுவிடாமல் நாளைக்குக் கொஞ்சம் உறை எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இட்லி மாவையும் பாருங்கள். அங்கே ஒரு வகை நுண்ணுயிர் மட்டும் இல்லை. பல வகைகள் கூடி வேலை செய்கின்றன. சில மாவைப் பொங்க வைக்கின்றன. சில புளிக்க வைக்கின்றன. ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. இப்படிச் சேர்ந்து வாழும் கூட்டத்தை நுண்ணுயிர்ச் சமூகம் என்று சொல்லலாம்.

இதே போன்ற ஒரு சமூகத்தைத்தான் சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்ய வைத்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது? எது அதனால் முடியும், எது முடியாது? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ஆறே கெட்டுப்போன கதை நம் பக்கத்தில் உண்டு.

நொய்யல் ஆறு

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறக்கிறது. கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வழியில் திருப்பூர் பனியன் தொழிலுக்குப் பேர் போன ஊர். வெளிநாட்டுக் கடைகளில் தொங்கும் பனியன்களில் நிறைய இந்த ஊரில் தைத்தவை.

துணி வெள்ளையாக மட்டும் போவதில்லை. சிவப்பு, நீலம், கறுப்பு என்று சாயம் ஏற வேண்டும். சாயம் ஏற்றுகிற இடத்தைச் சாயப்பட்டறை என்கிறார்கள். அங்கே முதல் தேவை தண்ணீர். துணியை வெளுக்க, சாயம் ஏற்ற, அலச, மறுபடியும் அலச என்று ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டர் தண்ணீர்கூடச் செலவாகும்.

அடுத்தது உப்பு. நூலில் சாயம் நன்றாக ஒட்டுவதற்காக உப்புப் போடுவார்கள். அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 60 அல்லது 80 கிராம் உப்பு இருக்கும். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத்தொட்டித் தண்ணீர் கடலைவிடக் கரிப்பானது என்று இதிலிருந்து தெரிகிறது. அந்த உப்பு துணியோடு போவதில்லை. முழுவதும் கழிவு நீரோடு வெளியே வருகிறது.

போட்ட சாயமும் முழுதாக ஒட்டாது. பத்தில் ஒரு பங்கு, சில நிறங்களில் கால் பங்குக்கும் மேலே தண்ணீரிலேயே நின்றுவிடும். இவற்றோடு காஸ்டிக் சோடா, சோடா உப்பு, சோப்பு, வெளுக்கப் போட்ட மருந்து எல்லாம் கலந்து சூடாக வெளியே வரும்.

இந்தத் தண்ணீர் பல வருஷங்கள் நொய்யலில்தான் விடப்பட்டது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். சில வருஷங்களிலேயே அணைக்குள் சாயத் தண்ணீர் தேங்கியது. உலகத்தில் எங்கும் உழவர்கள் அணையைத் திறந்துவிடச் சொல்லிப் போராடுவார்கள். இங்கே திறக்காதே என்று போராடினார்கள். தண்ணீர் பாய்ந்தால் நிலம் உப்புப் பூத்துவிடும். கிணறு கெடும். தென்னை காய்க்காது. ஆடு மாடு வாய் வைக்காது.

இது திருப்பூர்க் கதை மட்டும் இல்லை. ராஜஸ்தானில் பாலி என்ற ஊரில் பாண்டி ஆறும், பாலோத்ராவில் லூனி ஆறும், குஜராத்தில் சேலை அச்சடிக்கும் ஜேத்பூரில் பாதர் ஆறும் இப்படித்தான் கெட்டன.

சுண்ணாம்பும் அன்னபேதியும்

முதலில் என்ன செய்தார்கள்? கழிவு நீரில் சுண்ணாம்பையும் அன்னபேதி உப்பையும் கொட்டினார்கள். இவை சாயத்தைப் பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாக அடியில் படியும். மேலே தண்ணீர் தெளியும். கிணற்று நீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளிய வைப்போமே, ஏறக்குறைய அது மாதிரி.

தண்ணீர் தெளிந்தது. ஆனால் சாயம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அடியில் சேறாகக் கிடந்தது. சுண்ணாம்பு, அன்னபேதி, சாயம் மூன்றும் சேர்ந்த சேறு. அதை அள்ளிக் காயவைத்து மூட்டை கட்டிக் குவித்தார்கள். குவியல் மலையானது. மழை பெய்தால் மலை கரையும். தண்ணீரிலிருந்த அழுக்கை மண்ணுக்கு மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

நுண்ணுயிர் வழி வேறு மாதிரி. அங்கே அழுக்கை ஒதுக்கி வைப்பதில்லை. அதைத் தின்று செரிக்கிறார்கள்.

மான்செஸ்டரில் ஒரு ஜாடி

இந்த வழி சாயத்துக்காகக் கண்டுபிடித்தது அல்ல. ஊர்ச் சாக்கடைக்காகக் கண்டுபிடித்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஊர் உண்டு. அதுவும் துணி ஆலைகள் நிறைந்த ஊர்தான். அங்கே ஆர்டன், லாக்கெட் என்று இரண்டு வேதியியல் அறிஞர்கள் சாக்கடை நீரை ஜாடியில் ஊற்றி அதற்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். நீர் சுத்தமாக 5 வாரம் ஆயிற்று. இவ்வளவு காலம் ஆனால் எந்த ஊருக்கும் கட்டுபடி ஆகாது.

இப்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சுத்தமான நீரை மட்டும் மேலாக வடித்துக் கொட்டினார்கள். அடியில் படிந்த பழுப்பு நிறச் சேற்றை ஜாடியிலேயே விட்டு வைத்தார்கள். அதன்மேல் புதிய சாக்கடை நீரை ஊற்றிக் காற்று ஊதினார்கள். இந்த முறை சீக்கிரம் சுத்தமானது. மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினார்கள். சேறு சேரச் சேர நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் 5 வார வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. 1914இல் இதை உலகத்துக்குச் சொன்னார்கள்.

அவர்கள் செய்தது என்ன என்று நம் வீட்டில் தயிர் தோய்க்கிற யாருக்கும் புரியும். உறை எடுத்து வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தச் சேறு முழுவதும் உயிர். அதற்கு முன் எல்லோரும் அதை அழுக்கு என்று தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

இன்று உலகமெங்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் இதே முறைதான் நடக்கிறது. ஒரு பெரிய தொட்டி. அடியிலிருந்து காற்று குமிழ் குமிழாக வரும். பழுப்பு நிறத் தண்ணீர் புரண்டுகொண்டே இருக்கும். அதற்கு அடுத்து ஓர் அமைதியான தொட்டி. அங்கே சேறு படியும். தெளிந்த நீர் மேலே வழிந்து போகும். படிந்த சேற்றில் பெரும்பகுதியைப் பம்ப் வைத்து முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புவார்கள். அதிகமாகப் பெருகியதை மட்டும் வெளியே எடுப்பார்கள்.

அந்தச் சேற்றில் ஒரு சொட்டு எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு சந்தைக்கடை. பாக்டீரியாக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பஞ்சுப்பொதி போல இருக்கும். அவைதான் அழுக்கைத் தின்பவை. பொதியின் ஓரத்தில் மணி வடிவில் சிறு உயிர்கள் காம்பில் நின்று ஆடும். கூட்டத்தை விட்டுத் தனியே நீந்தும் பாக்டீரியாக்களை அவை பிடித்துத் தின்னும். அதனால்தான் மேலே நிற்கும் தண்ணீர் கலங்காமல் தெளிகிறது. மணி உயிர்கள் துறுதுறுவென்று இருந்தால் தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று அனுபவம் உள்ளவர்கள் கண்டுகொள்வார்கள்.

சாயம் ஏன் சாமானியமாகப் போவதில்லை?

சாக்கடை நீரில் இருப்பது பழைய சாப்பாடு, மலம், சோப்பு. நுண்ணுயிர்களுக்கு இவை பழக்கமான தீனி. சாயம் அப்படி இல்லை. வெயிலிலும் வேர்வையிலும் சோப்பிலும் போகாமல் நிற்க வேண்டும் என்றுதான் மனிதன் அதைச் செய்கிறான். துணியில் கெட்டியாக நிற்கிற சாயம் ஆற்றிலும் கெட்டியாக நிற்கும்.

இன்று உலகத்தில் புழங்கும் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ சாயங்கள் என்ற வகை. இவற்றின் நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிடியாகக் கைகோத்து நிற்கின்றன. நம் கண்ணுக்கு நிறம் தெரிவதற்கு இந்தப் பிடி முக்கியமான காரணம். பிடியை விடுவித்தால் நிறம் போய்விடும்.

காற்று ஊதும் தொட்டியில் இந்தப் பிடி லேசில் விடாது. காற்று இல்லாத தொட்டியில் விடும். இதற்குக் காரணம் இருக்கிறது.

எந்த உயிரும் உணவைச் செரிக்கும்போது எலக்ட்ரான் என்ற மிகச் சிறிய துகள்கள் மிஞ்சும். அவற்றை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் அடுத்த வேலை நடக்கும். பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். காற்று இருக்கிற இடத்தில் ஆக்சிஜன்தான் சுமைதாங்கி. பாக்டீரியாக்கள் எல்லாச் சுமையையும் அதன்மேல் இறக்கிவிடும். சாயத்தைத் திரும்பிப் பார்க்காது. ஆக்சிஜன் இல்லாத மூடிய தொட்டியில் வேறு கல்லைத் தேட வேண்டும். அப்போது சாயத்தின் நடுவில் இருக்கும் அந்த நைட்ரஜன் பிடியின்மேல் சுமையை இறக்குகின்றன. சுமை ஏறினால் பிடி உடையும். நிறம் போகும்.

சிவப்பாக உள்ளே போன தண்ணீர் ஒரு நாள் இரண்டு நாளில் வெளுத்து வெளியே வரும். பார்ப்பவர்களுக்கு அதிசயமாக இருக்கும். இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது.

நிறம் போனது. பொருள் போகவில்லை. ஒரு சாயம் இரண்டு துண்டாக உடைந்திருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு அமீன்கள் என்று பெயர். அவற்றுக்கு நிறம் இல்லை. ஆனால் சில அமீன்கள் சாயத்தைவிடக் கெட்டவை. சில புற்றுநோயை உண்டாக்கும். அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் சில அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனி தடை செய்தது. நம் நாடும் அந்த வருஷங்களிலேயே தடை விதித்தது.

ஆகவே வெளுத்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. அடுத்து காற்று ஊதும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கே வேறு பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அமீன் துண்டுகளைப் பிடித்து, ஆக்சிஜன் உதவியோடு அவற்றில் பலவற்றைச் செரித்துக் கரியமில வாயுவும் தண்ணீரும் நைட்ரஜன் உப்புமாக மாற்றுகின்றன. முதல் தொட்டிக்காரர்களால் இந்த வேலை முடியாது. இரண்டாம் தொட்டிக்காரர்களால் முதல் வேலை முடியாது. வரிசையும் மாறக் கூடாது. சில முரட்டு அமீன்கள் இரண்டாம் தொட்டியையும் தாண்டிப் போய்விடும் என்பதையும் மறைக்கக் கூடாது. அவற்றுக்கு ஓசோன் போன்ற மருந்து முறைகள் தேவைப்படும்.

எல்லா நிலையங்களிலும் இந்த இரண்டு கட்டமும் இருப்பதில்லை. காற்றுத் தொட்டி மட்டும் வைத்து, மிஞ்சிய நிறத்தை மருந்து போட்டு எடுக்கிறவர்களும் உண்டு. 

தொட்டிக்கும் பத்தியம் உண்டு

சாயக்கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது மாடு வளர்ப்பதைப் போல. வேளைக்குத் தீனி வேண்டும். நஞ்சு உள்ளே போகக் கூடாது. திடீர் மாற்றம் ஆகாது.

பட்டறையிலிருந்து தண்ணீர் ஆவி பறக்க வரும். 40 டிகிரிக்கு மேல் சூடாக உள்ளே விட்டால் காற்றுத் தொட்டிக் கூட்டம் நலிந்துபோகும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றியது போலத்தான். ஒரு மணிக்குக் கறுப்புத் தண்ணீர், அடுத்த மணிக்குக் காஸ்டிக் தண்ணீர், அதற்கடுத்து வெளுப்பு மருந்துத் தண்ணீர் என்று வரும். வெளுக்கப் பயன்படும் பெராக்சைடும் பிளீச்சிங் பவுடரும் கிருமியைக் கொல்லும் மருந்துகள். நம் வேலைக்காரக் கிருமி எது, நோய்க்கிருமி எது என்று அவற்றுக்குத் தெரியாது. இதனால் எல்லாத் தண்ணீரையும் முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்த்துக் கலக்கி, ஆறவிட்டு, காரத்தை அமிலத்தால் சமன் செய்து, பிறகுதான் சீராக உள்ளே விடுவார்கள்.

உப்புக்கும் இதே விதி. கரிப்புத் தண்ணீருக்கு நுண்ணுயிர்களை மெல்ல மெல்லப் பழக்கலாம். தாங்கும் வகைகள் நின்று பெருகும். ஆனால் இன்றைக்கு ஒரு அளவு, நாளைக்கு மூன்று மடங்கு என்றால் கூட்டம் சிதறிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், சேமிப்பு அறையில் உர மூட்டைகளைப் பார்த்து இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்கண்ணா, இங்க வயலா இருக்குது? யூரியாவும் டி.ஏ.பி.யும் எதுக்குங்க?"

"உள்ளே இருக்கறதும் பயிராட்டந்தான் அம்மணி. சாயத் தண்ணியில கரிச்சத்து இருக்குது. தழைச்சத்தும் மணிச்சத்தும் பத்தாது. நாமதான் போடோணும்."

"எவ்வளவு போடோணுங்க?"

"100 பங்கு தீனிக்கு 5 பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து. கூடப் போட்டா அதுவே கழிவாயிடும். அளந்துதான் போடோணும்."

"தீபாவளிக்கு ஒரு வாரம் பட்டறை லீவு விடுவாங்களே. அப்போ?"

"நல்லாக் கேட்டீங்க. அப்போ தண்ணி வராது. ஆனா இதுங்களுக்கு லீவு இல்லை. கொஞ்சம் தண்ணி சேத்து வெச்சுத் தெனமும் விடுவோம். காத்து நிக்கவே கூடாது. கரண்ட் போனா முதல்ல ஜெனரேட்டர் இதுக்குத்தான்."

அவர் சொன்ன கடைசி விஷயம் மிக முக்கியம். காற்று ஊதும் இயந்திரத்துக்கு மின்சாரச் செலவு அதிகம். செலவை மிச்சம் பிடிக்க ராத்திரியில் அதை நிறுத்திவிடலாம் என்று சில இடங்களில் நினைப்பார்கள். காற்று நின்றால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பழுப்புச் சேறு கறுக்கும். நாறும். ஒரு ராத்திரி மிச்சம் பிடித்த காசுக்குப் பல வாரம் பாடுபட்டுத் தொட்டியைத் தேற்ற வேண்டி வரும்.

கெட்டுப்போன தொட்டியை எப்படித் தேற்றுவது? பக்கத்து நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள். உறைக்குப் பக்கத்து வீட்டுக்குத் தம்ளரோடு போவதுதான் இது. சேறு கிடைக்காவிட்டால் பசுஞ்சாணத்தைக் கரைத்து விட்டு, வெல்லப்பாகுக் கழிவையும் ஊற்றி வளர்ப்பார்கள்.

சாயத்தைத் தின்னும் பாக்டீரியா என்று சொல்லிப் பொட்டலத்திலும் விற்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் தனி ஜாடியில் அது நன்றாக வேலை செய்திருக்கலாம். மரத்தை மக்கச் செய்யும் ஒரு வகை வெள்ளைக் காளான்கூட ஜாடியில் சாயத்தை அழகாக வெளுக்கும். ஆனால் திறந்த தொட்டியில் ஏற்கனவே ஊன்றிய கூட்டம் புதியவர்களை எளிதில் விடாது. நாலு நாளில் பொட்டலத்து உயிர் காணாமல் போவதே அதிகம். பொட்டலத்துக்குப் போடும் பணத்தை, இருக்கிற கூட்டத்துக்குக் காற்றும் தீனியும் ஒழுங்காகக் கொடுப்பதில் போடலாம் என்பது என் எண்ணம்.

தொட்டி நலமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரை நிரப்பி அசையாமல் வைக்க வேண்டும். கடிகாரத்தில் 30 நிமிடம். நல்ல சேறு பஞ்சு போல இறங்கி அடியில் தங்கும். மேலே நீர் தெளியும். இறங்காமல் உப்பி நின்றால், நூல் நூலாக வளரும் வேறு வகைப் பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தால் கேடு வருவதை முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

உயிர் போகும் காற்று

இந்த வேலையில் ஒரு ஆபத்து இருக்கிறது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்களும், தொட்டி கழுவப் போகிறவர்களும், அவர்கள் வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயம் ஏற்றப் போடும் உப்பில் கிளாபர் உப்பு என்று ஒரு வகை. அதில் கந்தகம் உண்டு. காற்று இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் இந்தக் கந்தகத்தைச் சுமைதாங்கியாக வைத்துக்கொள்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மூடிய தொட்டியில், பல நாள் தேங்கிய குழியில் இது அடங்கிக் கிடக்கும். சேற்றைக் கிளறினால் குப்பென்று கிளம்பும்.

நாற்றம் அடித்தால் ஏறி வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றதே, சரியாகிவிட்டது என்று இறங்கியவர்கள் சில மூச்சில் விழுந்திருக்கிறார்கள். ஒருவர் விழுந்ததைப் பார்த்து அடுத்தவர் காப்பாற்ற இறங்குவார். அவரும் விழுவார். நம் நாட்டுச் சாயப்பட்டறைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இப்படிப் பலர் செத்திருக்கிறார்கள்.

வாயு இருக்கக்கூடிய தொட்டியில் சோதனை செய்து, தகுந்தவர் எழுத்தில் சான்று கொடுக்காமல் யாரையும் இறக்கக் கூடாது, இல்லையென்றால் மூச்சுக் கருவியும் கயிறு கட்டிய இடுப்புவாரும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இறங்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

உப்பை யார் தின்பது?

சாயத்தைத் தின்றாயிற்று. சோப்பைத் தின்றாயிற்று. உப்பு?

உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. உப்பில் தின்பதற்கு எதுவும் இல்லை. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வரும். கண்ணாடி போலத் தெளிவாக, நாற்றம் இல்லாமல், வயலைக் கொல்லும் தண்ணீராக வரும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறார்கள். குடிக்கும் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரக் கட்டளை. ஆற்றில் விடும் கழிவு நீருக்கு 2,100 என்று வரம்பு வைத்தார்கள். சாயக்கழிவு நீரில் இது 5,000க்கும் மேலே இருக்கும். நொய்யலைக் கொன்றதில் நிறத்தைவிட இந்த உப்புக்குத்தான் பங்கு அதிகம். நிறம் கண்ணில் பட்டதால் எல்லோரும் அதையே பேசினோம்.

உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. வருஷங்கள் போயின. கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. ஆற்றங்கரை உழவருக்கு அது நல்ல நாள். பட்டறையில் கூலி வாங்கியவருக்கு அடுப்பு எரியாத நாள். இருவருமே ஏழைகள். ஆண்டுக்கணக்காகத் தட்டிக் கழித்ததன் விலையை இரண்டு பக்கத்திலும் அவர்கள்தான் கொடுத்தார்கள்.

பிறகு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டுத் திறந்தன. இப்போது நுண்ணுயிர்த் தொட்டியோடு வேலை முடிவதில்லை. அங்கே தெளிந்த நீரை மெல்லிய சவ்வுகள் வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் மாதிரி, மிகப் பெரியது. நல்ல நீர் ஒரு பக்கம் வரும். கரிப்பு நீர் மறுபக்கம் நிற்கும். நுண்ணுயிர்கள் சரியாகத் தின்னவில்லை என்றால் மிச்ச அழுக்கு சவ்வில் அப்பி அடைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த சவ்வு பாழாகும். கோடி ரூபாய் இயந்திரம் அந்தப் பழுப்புச் சேற்றை நம்பித்தான் ஓடுகிறது.

நல்ல நீர் திரும்பப் பட்டறைக்கே போகிறது. கரிப்பு நீரில் ஒரு பகுதியையும் மறுபடி சாயம் ஏற்ற எடுத்துக்கொள்கிறார்கள். அதில் உப்புதானே வேண்டும்! மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றச் செய்து உப்பைப் பிரிக்கிறார்கள். வந்த தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கிறது. விறகும் மின்சாரமும் நிறையச் செலவாகிறது. கடைசியில் பல உப்புகள் கலந்த ஒரு கலவை மிஞ்சும். அது சாயத்துக்கும் ஆகாது, சமையலுக்கும் ஆகாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும்.

நிலையத்துக்கு வராமல், ராத்திரியில் மழைத் தண்ணீரோடு கலந்துவிடும் கழிவும் உண்டு. சாயத் தொழில் உள்ள ஊர்களில் மழை நாளில் ஓடை நுரைத்தால் மக்கள் அதைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதற்கு எந்தத் தொட்டியும் மருந்து இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் சாயப்பட்டறை இருந்தால் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தும் முகர்ந்தும் முடிவு செய்யாதீர்கள். டி.டி.எஸ். பார்க்கும் பேனா போன்ற சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான் விலை. நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். தம்ளரில் தண்ணீர் எடுத்து அதன் முனையை நனைத்தால் எண் தெரியும். ஒரு நோட்டில் தேதி, கிணறு யாருடையது, எண் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை எழுதினால் போதும். மழைக்கு முன்னும் பின்னும் தவறாமல் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளிலும் கொடுக்கலாம். கொடுக்கும்போது நோட்டை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். நகல் எடுத்துக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.